பாதகமில்லாத பிழை

நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை. இது மூன்றாவது முறை.

“போட மாட்டேன்.”

“கொஞ்சம் யோசி,” என்றான் கணவன். பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். காலைச் சவாரி முடிந்து வந்தவன் சட்டைகூட மாற்றவில்லை. “நாலு வரிதான். ‘தெரியாமல் நடந்துவிட்டது’ன்னு போட்டுட்டா ராஜினாமாவோட முடிஞ்சுடும். போடலைன்னா நாளைக்கு விசாரணை, அப்புறம் போலீஸ், அப்புறம் கோர்ட்டு. நமக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

“அந்த ரெண்டு பிள்ளைங்க ஒருநாள் என் முன்னாடி வந்து, ‘நீ திருடினியாம்மா’ன்னு கேட்டா இந்த நாலு வரியைத்தான் காட்டணுமா? போட மாட்டேங்க. கையை வெட்டி அனுப்பினாலும் அந்தக் கை போடாது.”

சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கம் இருந்த பெண்மணி, அலுவலகத்திலிருந்து எழுதி அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயது. அச்சகம் ஒன்றில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். ஒரு மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி விழவில்லை என்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அதனால் அங்கே வைத்த பெயர் புள்ளியம்மா. ஓய்வு பெற்றபின் மனிதர்கள் விடும் பிழைகளைத் தேடிக் கொடுக்கிறாள். அதற்குத் துப்பறிதல் என்று ஊரார் பெயர் வைத்திருக்கிறார்கள்.

“‘மன்னிக்கவும்’ல ஒரு ‘ன்’ விட்டுப்போயிருக்கு,” என்றாள். “இதுல கையெழுத்துப் போட்டா திருட்டோட இந்தப் பிழையும் உன் பேர்ல ஏறும்.”

“அக்கா கொலைகாரனைக்கூட மன்னிப்பாங்க. ஒற்று விட்டவனை மன்னிக்க மாட்டாங்க,” என்றான் பக்கத்தில் இருந்த அவள் தம்பி. இருபது வருடம் ஏலக்கூடத்தில் கூவிக் கூவித் தொண்டையை வளர்த்தவன். பெயரே ஏலம் ஆகிவிட்டது. அக்கா போகும் இடமெல்லாம் அவனும் போவான். கூப்பிட்டாலும் போவான், கூப்பிடாவிட்டாலும் போவான்.

“அவனை விடும்மா. நடந்ததை முதல்லேர்ந்து சொல்லு,” என்றாள் புள்ளியம்மா.

அவள் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் நொதிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். துணியில் உள்ள கறையைக் குளிர்ந்த தண்ணீரிலேயே கரைத்துவிடும் ஒரு நொதி. அதற்காக ஒன்பது வருடம் உழைத்தாள். நொதி என்பது ஒரு புரதம். அது கைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு சோப்புக் கம்பெனி, ‘நாங்களே கண்டுபிடித்தது’ என்று அதே புரதத்துக்குக் காப்புரிமை கேட்டுவிட்டது. ஆய்வுக்கூட இயக்குநர் அன்றைக்கே விசாரணைக் குழு அமைத்தார். புரதம் இவளுடைய குளிர்ப்பெட்டியில் மட்டும்தான் இருந்தது, ஆகவே விற்றவள் இவள்தான் என்றார். நிபுணர்கள் இரண்டு புரதங்களையும் ஒப்பிட்டார்கள். அச்சு அசல் ஒன்றே என்றார்கள். இவளைத் தற்காலிக நீக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது.

“வேற யார்கிட்டயுமே போகலையா?”

“போச்சு. இயக்குநருக்கு ஒரு சின்னக் குழாயில நகல் போட்டுக் கொடுத்தேன். வர்றவங்களுக்குக் காட்டணும்னு கேட்டார். இப்ப அப்படி ஒண்ணு வாங்கவே இல்லைங்கறார்.”

“கொடுத்ததுக்கு அத்தாட்சி?”

“என் நோட்டு. அன்னைக்கே எழுதி வச்சேன். நீக்கின நிமிஷமே நோட்டைப் பிடுங்கித் தன் பீரோவுல வச்சுப் பூட்டிட்டார்.”

“பாலுக்குப் பூனை காவல்,” என்றான் ஏலம்.

“நகல்னா என்னம்மா? புரதத்தையா நகல் எடுப்பீங்க?”

“இல்ல. புரதத்தைச் செய்யச் சொல்ற மரபணுவை. அது ஒரு எழுத்து வரிசை. நாலே எழுத்துதான். ஏ, டி, ஜி, சி. மூணு மூணு எழுத்தாச் சேர்ந்தா ஒரு சொல். ஒவ்வொரு சொல்லும் ஒரு மணியைக் கோக்கச் சொல்லும். அப்படிக் கோத்த மாலைதான் புரதம். என்னோடது இருநூத்தி எழுபத்தஞ்சு சொல். கடைசிச் சொல் மட்டும் மணி கோக்காது. ‘நிறுத்து’ன்னு சொல்லும்.”

“எண்ணூத்தி இருபத்தஞ்சு எழுத்து,” புள்ளியம்மா மனக்கணக்காகச் சொன்னாள். முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம். “நகல் எடுக்கறப்ப பிழை விழுமா?”

“விழும். மலிவான சரக்கை வச்சு எடுக்கச் சொன்னாங்க, அடிக்கடி விழுந்துச்சு. நாலு நகல் எடுத்தேன். மூணுல ஆளுக்கு ஒரு எழுத்து மாறிப்போச்சு. அதை நாங்க புள்ளிப் பிறழ்வுன்னு சொல்வோம்.”

“அக்கா, உன் பேர்லயே நோய் வச்சிருக்காங்க!”

“டேய், சும்மா இரு. ஒரு எழுத்து மாறினா என்னம்மா ஆகும்?”

“அது எந்த எழுத்துங்கறதைப் பொறுத்தது. ரெண்டாவது நகல்ல ஒரு மணிக்குப் பதிலா வேற மணி வந்துடுச்சு. ‘கரை’ன்னு எழுத வேண்டிய இடத்துல ‘கறை’ன்னு விழுந்தா எப்படி? அப்படித்தான். மாலை முழுசா இருக்கு, ஆனா கறை அசையலை. மூணாவது இன்னும் மோசம். நடுவுல ‘டி ஏ டி’ன்னு ஒரு சொல். அதுல கடைசி எழுத்து மாறி ‘டி ஏ ஏ’ ஆயிடுச்சு. அதுக்கு அர்த்தம் ‘நிறுத்து’.”

“வாக்கியத்துக்கு நடுவுல முற்றுப்புள்ளி.”

“அதேதான். பாதி மாலையோட அறுந்துபோச்சு. ரெண்டையும் அழிச்சேன். நாலாவதுல எழுத்து மாறியும் மணி மாறலை. சில மணிக்கு ரெண்டு மூணு எழுத்துக்கூட்டல் உண்டு. பவளம்னு எழுதினாலும் பவழம்னு எழுதினாலும் கழுத்துல தொங்கறது ஒண்ணுதானே? ஊமைப் பிறழ்வுன்னு பேரு. நொதி நல்லாவே வேலை செஞ்சுச்சு. அதைத்தான் இயக்குநருக்குக் கொடுத்தேன்.”

“பிழையான சரக்கைத் தலையில கட்டிட்டீங்க,” என்றான் ஏலம்.

நொதிக்காரி நிமிர்ந்து பார்த்தாள். “பிழையைக் கேவலமாப் பேசாதீங்கண்ணே. என் நொதி குளிர்ந்த தண்ணில ஓடறதே ஒரு எழுத்து மாறினதாலதான். நாலாயிரம் பிழையைத் துருவித்தான் அந்த ஒண்ணைக் கண்டுபிடிச்சேன். பிழைன்னு ஒதுக்கறதுதான் சில நேரம் பிழைக்க வைக்கும்.”

புள்ளியம்மா எழுந்துவிட்டாள். “நிபுணருங்க எழுத்தை ஒப்பிட்டாங்களா?”

“இல்லையே. புரதத்தை மட்டும்தான்.”

“அதானே பார்த்தேன். பரீட்சையில சரியான விடையை வச்சு யாரையும் பிடிக்க முடியாதும்மா. ரெண்டு பேரும் படிச்சிருக்கலாம். ஒரே இடத்துல ஒரே தப்பைப் பண்ணினாத்தான் காப்பி. சோப்புக் கம்பெனி காப்புரிமை மனுவுல எழுத்து வரிசையைக் கொடுத்திருப்பாங்களா?”

“கொடுத்தே ஆகணும். காப்புரிமை அலுவலகத்துக்குப் போய் யார் வேணாலும் பார்க்கலாம்.”

“உன்கிட்ட அசல் வரிசை இருக்கா?”

நொதிக்காரி உள்ளே போய் மூன்று தாள்களைக் கொண்டுவந்தாள். “எழுபத்தி…” என்று ஆரம்பித்தாள்.

“சொல்லாதே!” புள்ளியம்மா கையை உயர்த்தினாள். “எந்த இடம்னு தெரிஞ்சா கண்ணு அதைத்தான் தேடும், மத்ததைக் கோட்டை விட்டுடும். ஒரு சீட்டுல எழுதி மடிச்சு உன் வீட்டுக்காரர்கிட்ட கொடு. நான் கேட்கற வரைக்கும் அவர் பிரிக்கக் கூடாது.”

கணவன் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மன்னிப்புக் கடிதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

*

காப்புரிமை அலுவலக வாசிப்பறையில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, பேனாவுக்கும் இல்லை. ஒரு பென்சில் கொடுத்தார்கள். மனு, தலையணை கனம் இருந்தது.

“கம்ப்யூட்டர்ல போட்டா கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள முடியற வேலை,” என்று முனகினான் ஏலம்.

“கம்ப்யூட்டரை வெளியில வச்சுட்டு வரச் சொல்லிட்டாங்கள்ல? நீ படி, நான் பார்க்கிறேன். மூணு மூணாப் படி.”

அவன் தொண்டையைச் செருமினான். “ஏ! டி! ஜி! ஒரு தரம்…”

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “இது சந்தை இல்லைங்க.”

இரண்டு பேரும் பழைய அலமாரிகள் அடுக்கிய ஓரத்துக்குத் துரத்தப்பட்டார்கள். அங்கே ஏலம் குசுகுசுவென்று கூவினான். குசுகுசுவென்று கூவ முடியும் என்பதே புள்ளியம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அசல் தாளில் அவள் பென்சில் முனை ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது. பத்து, இருபது, நாற்பது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

“நிறுத்து,” என்றாள். “இதுவே பெரிய சங்கதிடா. ஒரு மணிக்குப் பல எழுத்துக்கூட்டல் உண்டுன்னு சொன்னாள்ல? சோப்புக்காரன் சொந்தமா எழுதியிருந்தா அங்கங்க வேற மாதிரி எழுதியிருப்பான். இவன் எழுத்துக்கு எழுத்து அவளையே எழுதறான்.”

“அப்ப முடிஞ்சுது, கிளம்பலாம்.”

“திருட்டு நடந்துச்சுன்னுதான் முடிஞ்சுது. திருடன் இன்னும் கிடைக்கலை. படி.”

ஐம்பது. அறுபது. எழுபது.

“ஜி ஜி ஏ.”

பென்சில் நின்றது. “மறுபடி சொல்லு.”

“ஜி ஜி ஏ. ஒரு தரம்.” அவன் குரலிலும் சூடு ஏறியது. “ஜி ஜி ஏ. ரெண்டு தரம். என்னக்கா?”

“என் தாள்ல ஜி ஜி டி.”

“ஜி ஜி ஏ. மூணு தரம்! விட்டாச்சு!”

“இன்னும் விடலை. கடைசி வரைக்கும் படி.”

மீதி இருநூற்று நான்கு சொற்களையும் படித்தான். வேறு ஒரு வித்தியாசமும் இல்லை. எண்ணூற்று இருபத்தைந்து எழுத்தில் ஒன்றே ஒன்று.

வெளியே வந்து கைப்பேசியைத் திருப்பி வாங்கியதும் ஏலம் கணவனை அழைத்தான். பள்ளி விடக் காத்துக்கொண்டு பேருந்துக்குள் இருந்தான் அவன்.

“சீட்டைப் பிரிங்க மாப்ள.”

தாள் சரசரத்தது. “எழுபத்தொண்ணாவது சொல். டி போய் ஏ. ஜி ஜி ஏ.”

ஏலம் தன் தாளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். “அதேதான் மாப்ள. அச்சடிச்சு வச்சிருக்காங்க.”

அந்தப் பக்கம் தாளை மடித்துப் பையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. “அவ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்ணே.”

“இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? வீட்ல போய்ச் சொல்லுங்க.”

*

மறுநாள் காலை பதினொரு மணி. ஆய்வுக்கூடத்தின் கூட்ட அறை. நீளமான மேசையின் தலைமாட்டில் ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாள். குழுவின் தலைவர் அவர்தான். வலப்பக்கம் இயக்குநர், மடிப்புக் கலையாத சட்டையில். இடப்பக்கம் நொதிக்காரி. அவளுக்குத் துணையாக இரண்டு பேர் வரலாம் என்று விதி இருந்தது. கணவன் கதவோரம் நின்றுகொண்டான். விதிப்படி அவன் மூன்றாவது ஆள். யாரும் துரத்தவில்லை.

புள்ளியம்மா இரண்டு தாள்களையும் நீதிபதிக்கு முன் வைத்தாள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.

நீதிபதி தலையசைத்தார். “அதாவது, சோப்புக் கம்பெனிகிட்ட இருக்கறது அசல் இல்லை, நாலாவது நகல். அந்த நகல் இயக்குநர்கிட்ட இருந்துச்சுன்னு இந்தம்மா சொல்றாங்க.”

“ஆமாங்கம்மா. அவர் கையில நானே கொடுத்தேன்,” என்றாள் நொதிக்காரி.

இயக்குநர் பதறவில்லை. சிரித்தார். “அருமையான வேலை. எங்க நிபுணர்களுக்கே தோணாதது. நாலாவது நகல்தான் வெளியில போயிருக்குன்னு நானும் ஒத்துக்கறேன். அது எங்க போச்சுன்னு அவங்க கையாலயே எழுதி வச்சிருக்காங்க. பார்த்துடலாமே?”

முத்திரை வைத்த உறையைப் பிரித்து நோட்டை எடுத்தார். பக்கத்தைத் திருப்பி நீதிபதியிடம் நீட்டினார். அவர் உரக்கப் படித்தார்.

“‘ஒன்று: சுத்தம். குளிர்ப்பெட்டியில் வைத்தேன். இரண்டு: மணி மாறிவிட்டது, கறை போகவில்லை. அழித்தேன். மூன்று: பாதியில் நிற்கிறது. அழித்தேன். நான்கு: ஊமை, பாதகமில்லை. கெடுத்தேன்.’”

நீதிபதி நோட்டிலிருந்து தலையைத் தூக்கி நொதிக்காரியைப் பார்த்தார்.

“கெடுத்தேன்,” இயக்குநர் அந்தச் சொல்லைச் சுவைத்துச் சொன்னார். “கெடுத்துட்டதா எழுதி வச்ச நகல் எப்படிச் சோப்புக் கம்பெனிக்குப் போகும்? கெடுக்காம ஒளிச்சு வச்சவங்க கொடுத்தாத்தான் போகும். இதை நிரூபிக்க எனக்கு ஆள் கிடைக்கலை. அவங்களே கூட்டிட்டு வந்துட்டாங்க.”

ஏலத்துக்கு வாய் அடைத்துப்போனது. அவன் பிறந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை.

“நான் அப்படி எழுதலை,” என்றாள் நொதிக்காரி.

“இது உங்க கையெழுத்து இல்லையாம்மா?” நீதிபதி கேட்டார்.

“என் கையெழுத்துதான். ஆனா நான் அதை எழுதலை. எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.”

“இப்பவும் நேரம் இருக்கு. அந்தக் கடிதத்துல…” என்று இயக்குநர் கனிவாக ஆரம்பித்தார்.

“அந்தக் கடிதத்தை நீங்களே வச்சுக்கங்க சார். ஜெயிலுக்குப் போனாலும் தலையை நிமித்திக்கிட்டுத்தான் போவேன்.”

புள்ளியம்மா கையை நீட்டினாள். “அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமாங்கம்மா?”

நீதிபதி நகர்த்தினார். புள்ளியம்மா மூக்கு தாளில் முட்டும் அளவுக்குக் குனிந்தாள். அந்த வரியை ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு, எதிரே யாரும் இல்லாததுபோல், தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள்.

“கெட்டுப்போன நகலை அழிச்சா, சரி. பாதியில அறுந்ததை அழிச்சா, அதுவும் சரி. பாதகமில்லைன்னு எழுதின நல்ல நகலை எதுக்கு ஒருத்தி கெடுப்பா? அதோட, ரெண்டு தடவை ‘அழித்தேன்’. மூணாவது தடவை மட்டும் எதுக்கு ‘கெடுத்தேன்’? ஒரே கை, ஒரே நாள், ஒரே வேலை. சொல் மட்டும் ஏன் மாறணும்?”

“நடை அழகுக்காக இருக்கும்,” என்றார் இயக்குநர்.

“இருக்கலாம். ஆனா இந்த ‘கெ’வுக்கும் ‘டு’வுக்கும் நடுவுல இவ்வளவு இடம் எதுக்கு? மத்த எழுத்தெல்லாம் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்குது. இங்க மட்டும் ஒரு ஆள் எழுந்து போன மாதிரி நாற்காலி காலியா இருக்கு. டேய், கைப்பேசியில விளக்கைப் போடு.”

ஏலம் தாளுக்குப் பின்னால் வெளிச்சம் அடித்தான். எழுத்துகளுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் வெங்காயச் சருகுபோல் மெலிந்து ஒளிவிட்டது. பிளேடால் நிதானமாகச் சுரண்டிய இடம்.

“இங்க ஒரு கால் இருந்துச்சுங்கம்மா. ‘கெ’ பக்கத்துல காலைப் போட்டுப் படிங்க.”

நீதிபதியின் உதடுகள் மெல்ல அசைந்தன. “கொடுத்தேன்.”

“நாலாவது நகலைக் கொடுத்தேன். ஒரே ஒரு எழுத்துறுப்பு போச்சு, கொடுத்தவ கெடுத்தவ ஆயிட்டா. ஊமைப் பிறழ்வு இல்லைங்க இது. பொருளையே புரட்டிப் போட்ட பிறழ்வு.”

“இதெல்லாம் கற்பனை!” இயக்குநரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “தாள் அங்க இயல்பாவே மெலிசா இருந்திருக்கும்.”

புள்ளியம்மா பக்கத்தைத் திருப்பினாள். அடியில் இருந்த வெற்றுத் தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். பேனாவை அழுத்தி எழுதும் கை நொதிக்காரியுடையது. மேல்தாளின் எழுத்தெல்லாம் கீழ்த்தாளில் மைபோடாத பள்ளமாகப் பதிந்திருந்தது. அதில் ‘கொடுத்தேன்’ முழுசாக இருந்தது.

“காலை வெட்டினவருக்குத் தடத்தை அழிக்கத் தோணலை,” என்றாள்.

நீதிபதி அந்தத் தாளைத் தன் கையாலேயே சாய்த்துப் பார்த்தார். “இந்த நோட்டு மூணு வாரமா யார்கிட்ட இருந்துச்சு?”

“என் பீரோவுல. ஆனா அதுக்கு முன்னாடியே அவங்க சுரண்டியிருக்கலாமே!”

“தன்னைக் காப்பாத்தற ஒரே வார்த்தையைத் தானே எதுக்கு சார் சுரண்டணும்?” ஏலத்துக்குத் தொண்டை திரும்ப வந்துவிட்டது.

“கொடுத்தேன்னுதானே இருக்கு? யாருக்குன்னு இல்லையே!” இயக்குநர் எழுந்து நின்றார். “கொடுத்தா மட்டும்? அந்த நீல மூடி போட்ட குழாயை நான் திறந்துகூடப் பார்க்கலை!”

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

நீதிபதி பேனாவை எடுத்து, நிதானமாக மூடியைக் கழற்றினார்.

“மூடி நீலம்னு இதுவரைக்கும் இந்த அறையில யாரும் சொல்லலையே சார்?”

இயக்குநர் உட்கார்ந்தார். நாற்காலி தானாக வந்து தாங்கியதுபோல் விழுந்தார். அதன்பிறகு கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மேசையைப் பார்த்தே பதில் சொன்னார். சோப்புக் கம்பெனி அவருக்குத் தலைமை ஆலோசகர் பதவி தருவதாகச் சொல்லியிருந்தது. ஒன்பது வருட உழைப்பு ஒரு சட்டைப் பையில் வெளியே போயிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து நீதிபதி குறிப்புகளை அடுக்கினார்.

“உங்க மேல உள்ள நீக்கம் ரத்து. காப்புரிமை அலுவலகத்துக்கு இன்னைக்கே எழுதறோம். இயக்குநர் ராஜினாமா கொடுக்கறேங்கறார். நிறுவனத்தோட பேர் வெளியில கெடாம இதை இந்த அறையோட முடிச்சுக்கலாம். உங்களுக்கும் அதுதானே நிம்மதி?”

கணவன் மனைவியைப் பார்த்தான். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

“இல்லைங்கம்மா,” என்றாள் நொதிக்காரி. “என்னை அனுப்பினப்ப இந்த அறையில வச்சு அனுப்பலை. முற்றத்துல நிக்க வச்சாங்க. நாப்பது பேர் பார்க்கப் பையைக் கவுத்துக் கொட்டினாங்க. என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாங்க. ‘திருடி’ன்னு சொன்னது அங்க. ‘திருடி இல்லை’ங்கறதையும் அங்கதான் சொல்லணும். அந்த நாப்பது பேரும் வரணும். இந்த இயக்குநரும் வரணும்.”

“அது விதியில இல்லையேம்மா.”

“பையைக் கவுத்துக் கொட்டறது மட்டும் விதியில இருந்துச்சாங்கம்மா?”

நீதிபதி குறிப்புத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “மணி அடிக்கச் சொல்லுங்க.”

பன்னிரண்டரை வெயில் முற்றத்தில் நேராக விழுந்தது. வெள்ளை அங்கிகளும், கழுவும் பிரிவின் ரப்பர்ச் செருப்புகளும், வாயில் காவலரின் தொப்பியும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அன்றைக்குப் பையைக் கவிழ்த்த காவலர் உள்ளே ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து நொதிக்காரிக்குப் பக்கத்தில் போட்டார். அவள் உட்காரவில்லை. நீதிபதி தாளை விரித்து முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியில் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

இயக்குநர் மெல்லப் பின்வாங்கி, வாசல் பக்கம் திரும்பினார்.

“சார்,” என்றாள் நொதிக்காரி. குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் நாற்பது தலைகளும் திரும்பின. “இன்னும் முடியலை. முழுசாக் கேட்டுட்டுப் போங்க.”

இயக்குநர் நின்றார்.